அழகின் சட்டகமும் உழைப்பின் முகமும்: மலையகத்தைப் பார்த்த கண்கள் பற்றிய ஓர் ஆய்வு

1

கலைஞன் தன் காட்சிக் கற்பனைக்கான தூண்டுதலை எங்கிருந்து பெறுகிறான் என்னும் வினாவுக்கு இன்று எளிதிற் கிடைக்கும் விடைகள் மூன்று: நவநாகரிக உடைப் புகைப்படங்கள், அழகிய சிறு பொருள்கள், வெளிநாட்டுப் பயணங்கள். ஓவியர், உடை வடிவமைப்போர், விளம்பரக் கலைஞர், திரைப்பட ஒளிப்பதிவாளர் எனப் பல திறத்தாரும் தமது ஊக்கத்தின் ஊற்றுக்களாக இவற்றைக் குறிப்பிடக் காண்கிறோம். இக்கூற்றைப் பொய்யென நாம் கொள்ளவில்லை. நல்ல வண்ணமும், மின்னும் கல்லும், முன் கண்டிராத கரையும் மனித மனத்தைக் கிளரச் செய்வது இயல்பே. ஆயினும் ஊக்கம் என்பது வானிலிருந்து இறங்கும் அருளன்று. பார்க்கப்படுவதற்கும் பார்ப்பவனுக்கும் இடையே திட்டவட்டமான ஒரு சமூக உறவு உண்டு. பயணம் செய்பவர் யார், அவருக்குக் காட்சியாக நிற்பவர் யார். உடையை அணிபவர் யார், தைப்பவர் யார். கல்லைப் பூணுபவர் யார், அதற்காகக் குழிக்குள் இறங்குபவர் யார் என்னும் வினாக்கள் அழகியலுக்கு அப்பாற்பட்டவை என ஒதுக்கத் தக்கன அல்ல. அவை அழகியலின் அடித்தளத்திலே கிடப்பவை.

இவ்விடயத்தில் நமது விமர்சன உலகில் இரு போக்குகள் நிலவிவருகின்றன. அழகு தன்னளவில் நிறைவானது, அதனை உழைப்போடும் உற்பத்தியோடும் தொடர்புபடுத்துவது இரசனைக் குறைவு என்பது ஒன்று. அழகிய பொருள், அழகிய உடை பற்றிய பேச்சே உடைமை வர்க்கத்தின் பேச்சு, முற்போக்காளனுக்கு அதிற் பணியில்லை என்பது மற்றொன்று. முதலாவது போக்கை எதிர்த்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். இரண்டாவது நமது முகாமுக்குள்ளேயே இருப்பதால் அதனைப் போதிய அளவு ஆராயவில்லை. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும், உழைப்பவனுக்கும் அழகுக்கும் தொடர்பில்லை என்ற ஒரே முடிவிற்றான் சென்று சேர்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் களமாக மலையகத்தைக் கொள்கிறோம். இலங்கையில் வெளிநாட்டார் கண்ணால் மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட உழைப்பாளர் கூட்டத்தினர் மலையகத் தோட்டத் தொழிலாளரே எனல் தவறாகாது. அவ்வாறிருந்தும் மலையகத்தின் ஒரு பகுதி அச்சட்டகத்துள் அரிதாகவே வந்துள்ளது. சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களே அப்பகுதி. பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே அமைந்த ஓப்பநாயக்கவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நாம் சிறப்பாக மனங்கொண்டிருக்கிறோம். படத்தில் வருவதும் வராமற்போவதும் தற்செயலானவை அல்ல என்பதனை இவ்விடம் நன்கு உணர்த்தும்.

2

மலையக உழைப்பாளரை அழகியற் பொருளாக நோக்கிய தொடக்ககாலப் புகைப்படக் கலைஞர்களுள் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் கமரன். டெனிசன், டார்வின் முதலான விக்டோரியாக் காலப் பெருமக்களின் முகங்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற இவர், 1875 இல் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தார். 1879 இல் இங்கேயே இறந்தார். அவருடைய கணவர் வேறு யாருமல்லர். 1830 களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சி, நீதி முறைகளை ஆராய்ந்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினரே அவர். அக்குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து இராசகாரிய முறை ஒழிந்தது. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட சந்தையும், விற்பனைக்கு வந்த முடிக்குரிய காணியும் பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு வழி திறந்தன. கமரன் குடும்பத்தாரே இங்குக் கோப்பித் தோட்டங்களை உடைமையாகக் கொண்டிருந்தனர். சட்டம் வகுத்தவரும், தோட்டம் வைத்திருந்தவரும், படம் எடுத்தவரும் ஒரே வீட்டில் இருந்தனர் என்பது நமது ஆய்வுக்கு மிக ஏற்ற தொடக்கமாகும்.

கமரன் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்குட்பட்டவையே. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்கள் பலவற்றுக்கு ஆட்பெயரோ புராணப் பாத்திரப் பெயரோ தலைப்பாக உண்டு. இங்கு எடுக்கப்பட்டவற்றிலோ பெரும்பாலும் இனம், இடம், தொழில் என்பவையே பெயராக நிற்கின்றன. ஒளியையும் நிழலையும் கையாள்வதில் அவருக்கிருந்த ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அப்படங்களில் உள்ள முகங்களின் கனம் இன்றும் நம்மை நிறுத்திப் பார்க்கவைக்கின்றது. ஆயினும் அம்முகங்களுக்குப் பெயரில்லை.

1877 இல் கமரனின் விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த், 1892 இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புக்களில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். உள்ளூரவர் ஒருவரின் முதுகழகில் மயங்கிய கமரன், அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளுமாறு தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமே இருக்கவில்லை. அம்மனிதருக்கோ அச்சொல்லின் பொருளும் தெரியாது. நோர்த் இதனை நகைச்சுவையாகவே கூறுகிறார். நமக்கோ இது ஒரு காலகட்டத்தின் அழகியலைச் சுருங்கச் சொல்லிவிடும் செய்தி. அழகைக் கண்டவுடன் அதனை உடைமையாக்கும் வழி, கூலிக்கு அமர்த்துதலாக இருக்கிறது. முதுகு பார்வைக்குரியது, அம்முதுகு சுமக்கும் பாரம் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

3

1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டபோது படத்தின் பயனும் மாறிற்று. கமரனின் படம் தனிமனித இரசனையின் விளைபொருள். தேயிலைக் காலத்துப் படமோ சந்தையின் கருவி. 1890 இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்ற கருத்தைத் தம் விளம்பரத்தின் உயிராக்கினார். நெற்றியிற் பொட்டும், காதில் அணியும், முதுகிற் கூடையுமாக நின்ற தமிழ்ப் பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் உலகைச் சுற்றி வந்தது.

‘நேரே’ என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தோட்டத்துக்கும் குவளைக்கும் இடையே பிரட்டுக்களமும், கங்காணியும், கணக்கப்பிள்ளையும், தராசும், ஆலையும், கப்பலும், ஏல விற்பனையும் உள்ளன. நிறுவையிற் குறைந்தால் அரைப்பேராகும் நாட்களும் உள்ளன. இவை அனைத்தையும் துடைத்தெறிந்து, பறிக்கும் விரலையும் பருகும் இதழையும் அருகருகே நிறுத்துவதே அவ்விளம்பரத்தின் சாதனை. மனிதர்க்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்வதை 1867 இல் மார்க்ஸ் பண்டத்தின் மாய வழிபாடு என விளக்கினார். தேயிலை விளம்பரம் அதனினும் ஒருபடி மேற்செல்கிறது. உழைப்பவளை அது மறைக்கவில்லை. பண்டத்தின் அலங்காரமாக அவளையே முன்னிறுத்துகிறது. காட்டுவதன் மூலம் மறைக்கும் இம்முறை வெறும் மறைப்பினும் வலிமை வாய்ந்தது.

இவ்வரலாற்றிலே ஒரு விதிவிலக்கையும் கூறவேண்டும். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பொருளுதவியோடு பசில் ரைட் இயக்கி 1934 இல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப்படம் அது. 1681 இல் வெளியான றொபேட் நொக்சின் நூற் பகுதிகளை அதிற் குரல் கொடுத்து வாசித்தவர், நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட். வணிகத்தின் குரல்கள் எனப் பெயரிடப்பட்ட அதன் மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களின் காட்சிகளுக்கு மேலே விலை நிலவரங்களும் வணிகக் கட்டளைகளும் கப்பற் செய்திகளும் ஒலிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு மற்றொன்றுமாக முரண்படுத்தியதன் மூலம், விளம்பரம் அழித்த இடைவெளியை அப்படம் ஒரு கணம் திறந்துகாட்டிவிடுகிறது. விளம்பரத்துக்கென வந்த பணத்திலேயே இது நிகழ்ந்தமை கலையின் சார்புச் சுதந்திரத்துக்கு நல்ல சான்று. ஆனால் முதலிலும் இறுதியிலும் படம் பௌத்த ஆலயச் சூழலின் அமைதியிலேயே தங்குகிறது. வணிகம் எழுப்பிய முரண் தீர்க்கப்படவில்லை, வழிபாட்டிற் கரைக்கப்படுகிறது. தேயிலைக்காக எடுக்கப்பட்ட அப்படத்தில், தேயிலையை உருவாக்கிய மக்களுக்குத் தனி வரலாறு இல்லை.

4

இரண்டாம் உலகப் போரின் பின் விமானப் பயணம் பரவியபோது, நவநாகரிக உடைப் புகைப்படக்கலை கூடத்தை விட்டு வெளியேறிக் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டது. 1956 இல் பிரித்தானிய ‘வோக்’ இதழுக்காக நோர்மன் பார்க்கின்சன் இந்தியாவிற் படமெடுத்தார். ஜெய்ப்பூர் அரண்மனை வாயிலில் அலங்கரிக்கப்பட்ட யானையின் அருகே, இளஞ்சிவப்பு மொகேர் மேலங்கியோடு ஆன் கன்னிங் நிற்கும் படம் அத்துறையின் புகழ்மிக்க படங்களுள் ஒன்று. வண்ண இசைவில் அப்படம் குறையற்றது. ஆனால் அங்கே கம்பளி மேலங்கிக்கு எவ்விதத் தேவையும் இல்லை என்பதை வெயில் அறியும். வாயிலும் யானையும் மனிதரும் அந்த மேலங்கியின் நிறத்தை உயர்த்திக் காட்டவே அங்குள்ளன. நாடு பின்புலமாகிறது, மக்கள் நாட்டின் பகுதியாகின்றனர்.

அரை நூற்றாண்டின் பின் இது தன் தருக்க முடிவை எட்டிற்று. 2008 ஆகஸ்டில் இந்திய ‘வோக்’ இதழ் பதினாறு பக்கங்களில் ஒரு படத்தொகுதியை வெளியிட்டது. அதில் அழகிகள் இல்லை. ஏழைக் கிராமத்தவரே இருந்தனர். முதியவள் ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கழுத்தில் பெண்டி நிறுவனத்தின் துணி. உழைத்துத் தேய்ந்த ஒருவரின் கையில் பெர்பெரிக் குடை. வேறோரிடத்தில் பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட கைப்பை. பொருள்களின் உற்பத்தியாளர் பெயர்கள் தவறாது அச்சிடப்பட்டன. மனிதரோ பெயரின்றி ஆண், பெண் எனப் பொதுப்படவே குறிக்கப்பட்டனர். கண்டனம் எழுந்தபோது, நாகரிக உடை இனிச் செல்வர்க்கு மட்டும் உரியதன்று, யாரும் அதனை அணிந்து அழகுறலாம் என இதழின் தரப்பில் விடையளிக்கப்பட்டது. சொல்லளவில் இது சமத்துவம். ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் அக்குடை யாரிடம் சென்றது என்ற ஒரு கேள்வி அச்சமத்துவத்தைக் கலைத்துவிடும். கமரனின் காலத்திற் பெயரற்று நின்ற முகத்தினருகே இப்போது ஒரு பெயர் வந்திருக்கிறது. அது கைப்பையின் பெயர்.

1967 இல் நாகரிக உடையின் முறைமை பற்றி நூலெழுதிய ரோலண்ட் பார்த், படங்களை விடுத்து அவற்றின் கீழுள்ள எழுத்துக்களையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. துணியை ‘நாகரிகம்’ ஆக்குவது எழுத்தே என்பது அவர் கண்டது. அவ்வெழுத்து யாருக்குப் பெயரளிக்கிறது, யாருக்கு மறுக்கிறது என்பதையும் நாம் சேர்த்துப் படிக்கவேண்டும். வால்டர் பெஞ்சமின் 1934 ஆம் ஆண்டின் உரையொன்றில், நவீனப் புகைப்படம் குடிசையையும் குப்பைமேட்டையும்கூட அழகுபடுத்தாமற் படமெடுக்க இயலாத நிலையை அடைந்துவிட்டது, வறுமையே நுகர்பொருளாகிவிட்டது என எச்சரித்தார். அவர் கூறியது 2008 இன் அப்பதினாறு பக்கங்களுக்கு எழுதிய விமர்சனம் போலவே உள்ளது.

இன்று மலையகத்தில் நிகழ்வதும் இதுவே. துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகியுள்ளன. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே விடுதியாகிவிட்டது. மணமக்களின் படங்களும் உடை விளம்பரங்களும் தேயிலை நிரைகளுக்கிடையே எடுக்கப்படுகின்றன. தொலைவிலே ஒரு புள்ளியாகக் கொழுந்து பறிக்கும் பெண் தெரிவாள், லயம் தெரியாது. சட்டகத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதில் ஓர் அரசியல் உண்டு.

5

இவ்வழகியலுக்கு ஒரு புவியியலும் உண்டு. நுவரெலியா, அட்டன், அப்புத்தளை ஆகியவற்றின் உயர்மலைகளே படங்களில் வருபவை. வெட்டிச் சீராக்கிய பசுமை, மூடுபனி, அருவி ஆகியன ஆங்கிலேயர் தம் நாட்டு நிலவோவிய மரபிலிருந்து கொண்டுவந்த அழகின் இலக்கணத்துக்கு இசைந்தவை. சப்பிரகமுவ அவ்விலக்கணத்துள் அடங்குவதில்லை. இங்குத் தேயிலையோடு இறப்பரும் உண்டு. தோட்டத்துக்குப் பக்கத்திலே சிங்களக் கிராமமும், சிற்றுடைமையாளரின் தேயிலைத் துண்டும், வயலும், மாணிக்கக் குழியும் நெருங்கிக் கிடக்கின்றன. பரந்த காட்சி என ஒன்று கண்ணுக்கு அகப்படுவதில்லை.

இறப்பர் மரத்தில் பால்வெட்டு வைகறையிலே தொடங்கும். வெயில் ஏறினால் பாலோட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் அன்று வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியும் ஐயத்துக்குரியது. மரத்துக்கு மரம் நடந்து, பட்டையிற் சரிவாக மெல்லிய சீவல் எடுத்து, சிரட்டையை வைத்துச் செல்லும் அந்த உழைப்பு அரையிருளில் நிகழ்வது. ஆழம் மிகுந்தால் மரம் புண்படும். குறைந்தால் பால் வராது. கொழுந்து பறிக்கும் விரலுக்கு நிகரான நுண்திறன் பால்வெட்டும் கைக்கு உண்டு. எனினும் பால்வெட்டுக்காரியை எந்தத் தேயிலைப் பெட்டிக்கு இணையான பண்டமும் உலகுக்கு அறிமுகம் செய்யவில்லை. இறப்பர், சில்லாகவும் குழாயாகவும் மாறித் தன் பிறப்பிடத்தை இழந்துவிடும் மூலப்பொருள். அதற்கு வீட்டு மேசையிற் காட்சிக்குரிய இடமில்லை. ஆதலால் அதனை உண்டாக்குபவளுக்கும் படமில்லை. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய இரயில் பாதை இப்பகுதியின் விளைபொருள்களைக் கொழும்புக்குச் சுமந்த காலத்தில் அதன் கடைசி நிலையம் ஓப்பநாயக்க. எழுபதுகளில் அப்பகுதிப் பாதையும் மூடப்பட்டது. பண்டம் போவதற்கென வந்த பாதை, மக்கள் போவதற்காக நிலைக்கவில்லை.

அழகிய சிறு பொருள் என்பதற்கு இரத்தினபுரியை விடச் சிறந்த உதாரணம் இல்லை. பெயரிலேயே மணியைச் சுமக்கும் ஊர் அது. மாணிக்கக் குழியின் பக்கங்களுக்கு முட்டுக்கொடுத்து, மண் சரியாதிருக்கப் பெரணி இலைகளைச் செருகி, நீரை இறைத்து, அடியிலுள்ள பரலை மேலேற்றிக் கூடையிலிட்டு அரித்துப் பார்ப்பர். பெரும்பாலும் நாட்கூலி இல்லை. கல் அகப்பட்டு விற்றாற் பங்கு, அகப்படாவிடில் பசி. காணிக்காரருக்கும் அனுமதிப்பத்திரக்காரருக்கும் நீர் இறைக்கும் பொறிக்காரருக்கும் போக எஞ்சுவதே குழிக்குள் இறங்கியவர்களின் பங்கு. பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவரான இவ்வுழைப்பாளரும், பக்கத்து மலையில் உள்ள தமிழ்த் தோட்டத் தொழிலாளரும், ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளிலே தனித்தனியே நிறுத்தப்பட்டவர்கள்.

1981 பெப்ரவரியில் பிரித்தானிய இளவரசரின் திருமண நிச்சயம் அறிவிக்கப்பட்டபோது, டயானாவின் விரலிலிருந்த நீலக்கல் உலகின் பத்திரிகைகளையெல்லாம் நிறைத்தது. அது இலங்கைக் கல் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. யூலை இறுதியில் திருமணம். அடுத்து வந்த ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டத் தமிழர்மீது வன்செயல் அவிழ்த்துவிடப்பட்டது. லயங்கள் எரிந்தன, மக்கள் காடுகளிலும் அகதி முகாம்களிலும் ஒதுங்கினர், பலர் வடக்கை நோக்கிச் சென்றனர். இரு நிகழ்வுகளையும் காரணகாரியமாக நாம் இணைக்கவில்லை. ஒரே மண்ணின் கல்லைப் பார்க்க உலகுக்குக் கண் இருந்தது, அதன் மக்களைப் பார்க்க இருக்கவில்லை என்பதையே குறிப்பிடுகிறோம்.

6

மலையகத் தமிழன் படமெடுக்கப்படவே இல்லையா எனின், எடுக்கப்பட்டான். ஆனால் அது வேறு படம்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்பாடு இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. மனிதரைத் தராசிலிட்டு நிறுத்த இவ்வேற்பாடுகள் ஒவ்வொன்றும் விண்ணப்பத்தைக் கோரின. விண்ணப்பம் படத்தைக் கோரிற்று. நேரே நோக்கிய முகம், பின்னே வெறும் திரை, உதட்டில் அசைவில்லை. கூடையும் இல்லை, மலையும் இல்லை. தேயிலைப் பெட்டியில் உலகைச் சுற்றிய அதே மக்களின் முகம் இங்கே தான் யார் என்பதற்குச் சான்று காட்டி நிற்கிறது. பெட்டியிலுள்ளவள் புன்னகைக்கக் கடமைப்பட்டவள். கடவுச்சீட்டில் உள்ளவளோ புன்னகை மறுக்கப்பட்டவள். ஒரே முகத்தின் இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே மலையகக் காட்சிப் பண்பாட்டை விளங்கிக்கொள்வதற்குரிய திறவுகோல் என நாம் கருதுகிறோம்.

வெளிநாட்டுப் பயணம் என்ற தொடரும் இங்குத் தலைகீழாகிறது. இம்மக்களின் மூதாதையர் பாக்குநீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அவ்வழியில் மாண்டோர் பலர். ஒப்பந்தத்தின் பின் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாருக்கு இரயிலிலும் அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிலும் அனுப்பப்பட்டனர். கப்பற் சேவை நின்ற 1984 வரை அப்பயணம் தொடர்ந்தது. அறியாத ஒரு நாட்டுக்குத் ‘தாயகம் திரும்புதல்’ எனப் பெயரிடப்பட்டது. இதே ஆண்டுகளிற்றான் தமிழ் வாசகர் மணியனின் பயணத் தொடர்களை ஆனந்த விகடனிற் படித்து மகிழ்ந்தனர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 இல் யப்பானையும் ஹொங்கொங்கையும் தாய்லாந்தையும் திரையிற் கொண்டுவந்தது. பயணம் கண்ணுக்கு விருந்தாவது திரும்பிவரும் உரிமை உள்ளவர்க்கே.

ஆனாற் பயணியின் கண் எல்லாம் ஒரே தன்மைத்தன்று. 1940 இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலின் ஆசிரியர் ஏ. கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர்; காந்தி பற்றிய விவரணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்தவர். தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் அவர் தேடிச் சென்றவற்றுள் அங்கு வாழும் தமிழரின் நிலையும் ஒன்று. பயணம் ஊக்கமளிப்பதில் தவறில்லை; எதிர்ப்படும் மனிதரைப் பின்புலமாகக் காண்கிறோமா, உரையாடத் தக்கவராகக் காண்கிறோமா என்பதே வினா.

7

இனி நமது முகாமின் போக்குக்கு வருவோம். மேற்கூறியவற்றிலிருந்து நவநாகரிக உடையும் அழகிய பொருளும் தொழிலாளிக்கு அந்நியமானவை, ஆகவே வெறுக்கத்தக்கவை என்று முடிவுகட்டுவது எளிது. மலையகம் பற்றிய முற்போக்கு எழுத்துக்களிற் சில இம்முடிவுக்கே வந்துள்ளன. அவற்றிலே தொழிலாளப் பெண் எப்போதும் கிழிந்த சேலையோடு வருவாள். புதுச் சேலை உடுத்தாளெனின் அவள் வழிதவறியவள். கண்ணாடி பார்த்தாளெனின் வர்க்க உணர்வு குன்றியவள். உல்லாசப் பயணி ஏழ்மையின் வண்ணத்தை இரசித்தால், இவ்வெழுத்தாளர் ஏழ்மையின் வண்ணமின்மையை இரசிக்கின்றனர். இரு தரப்பிலும் அவள் பார்க்கப்படுபவளே, பார்ப்பவள் அல்லள்.

உண்மை வாழ்வு இதற்கு மாறானது. லயத்துக் காம்பராவின் சுவர்களை அறிந்தவர்கள், அங்கே பழைய சஞ்சிகைத் தாள்களும், கடவுளர் படங்களும், திரைநடிகர் படங்களும், நாட்காட்டிகளும் ஒட்டப்பட்டிருப்பதை அறிவர். அறியாமையின் அடையாளமென இவற்றைக் கூறுவோர், பத்தடி அறையைத் தம்முடையதாக்கும் முயற்சி அதில் உள்ளதைக் காணாதவர். துரைத்தனம் ஒரே அளவில் ஒரே சுண்ணாம்பிற் கட்டித் தந்த அறையில், இது என் வீடு என்று சொல்ல வேறு வழி என்ன இருந்தது? தீபாவளிச் சேலையின் நிறத்தைத் தெரிவதிலே பல மாத ஆலோசனை உண்டு. நகரத்துப் படப்பிடிப்புக் கூடத்தில், வரையப்பட்ட மாளிகைப் படியும் நந்தவனமும் பின்னே தொங்க, கடிகாரம் தெரியக் கையை மடித்து எடுத்த படம் பொய்யன்று. கடவுச்சீட்டுப் படம் மறுத்ததையும் தேயிலைப் பெட்டி திரித்ததையும் அது மீட்டெடுக்க முயல்கிறது: தான் எவ்வாறு பார்க்கப்படவேண்டும் எனத் தானே தீர்மானித்தல்.

இன்று இவ்வுறவு மேலும் நெருக்கமடைந்துள்ளது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்த பின் ஆடைத் தொழில் பெருகிற்று. தோட்டங்களின் இளம் தலைமுறையினர் கொழும்பின் கடைகளையும் வீடுகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடுகின்றனர். பெண்கள் பலர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் பயணமாகின்றனர். தோட்டத்தின் ஊதியம் அவர்களை அங்கே தங்கவைக்கவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியாக ஏற்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டம் தேவைப்பட்டது. ஆகவே நவநாகரிக உடை இன்று மலையகப் பெண்ணுக்கு வெளியேயிருந்து வரும் மயக்கப் பொருள் மட்டுமன்று. அவள் கையே அதன் தையலை இடுகிறது. வெளிநாட்டுப் பயணம் அவளுக்குக் கனவன்று, ஈராண்டு ஒப்பந்தம். படத்திலுள்ள உடையின் கழுத்துப்பட்டி எத்தனை நிமிடத்திற் பொருத்தப்படவேண்டும் என அறிந்தவள், அவ்வுடையை அழகு என்று கூறும்போது, அவளுடைய இரசனையிலே உற்பத்தியின் அறிவும் கலந்திருக்கிறது. நுகர்பவரின் இரசனைக்கில்லாத ஒரு முழுமை அதற்கு உண்டு. பொருள்முதல்வாத அழகியல் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

8

இலக்கியத்திலிருந்து ஓர் உதாரணத்தோடு இதனை வலியுறுத்தலாம். மலையகத்தைப் பாடிய கவிதைகளிலே பசுமையைக் கம்பளத்துக்கும் பனியை முக்காட்டுக்கும் ஒப்பிடும் வரிகள் மலிந்துள்ளன. இவை சுற்றுலா அட்டைகளின் செய்யுள் வடிவங்களே. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால-ஐயாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என வழங்கும் கவிதை இவற்றினின்றும் வேறுபடுவது. அங்கும் மலை அழகாகவே இருக்கிறது. கவிஞர் அழகை மறுக்கவில்லை. ஆனால் அத்தேயிலையின் அடியிலே நினைவுச் சின்னமுமின்றிப் புதைந்து கிடப்போரை அவர் கண்டுகொள்கிறார். பசுமையைப் பார்த்த கண்ணே அதன் வேரையும் பார்க்கிறது. அழகு அங்கே குறையவில்லை; கனக்கிறது. தெளிவத்தை ஜோசப்பின் சிறந்த கதைகளிலும் லயத்து வாழ்வின் சின்னஞ்சிறு பொருள்கள் அலங்காரமாகவன்றி உறவுகளின் சாட்சிகளாக நிற்பதைக் காணலாம்.

தொகுத்துக் கூறின், உடைப் படமும் அழகிய பொருளும் அயல்நாட்டுக் காட்சியும் கலைஞனுக்கு ஊக்கமளிக்கும் என்பதை மறுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அவ்வூக்கம் எவருடைய உழைப்பின் மீது நிற்கிறது, எவருடைய பெயரை நீக்கிப் பெறப்படுகிறது என வினவும் தேவையே உள்ளது. அவ்வினா அழகைக் குலைக்கும் என அஞ்சுவோர் அழகின் வலிமையை அறியாதோர். அதே வேளை, உழைக்கும் மக்களின் அழகுத் தேட்டத்தை ஐயத்தோடு நோக்கும் விமர்சனத்தை நாம் கைவிடுதல் வேண்டும். குடியுரிமை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஏட்டளவில் நிறைவடைந்துவிட்டது. காணியுரிமையும் வீட்டுரிமையும் இன்னும் போராட்டப் பொருள்களாகவே உள்ளன. பார்க்கும் உரிமை, தன்னைத் தான் விரும்பியவாறு காட்டும் உரிமை ஆகியன அவற்றின் பின்னர் வரவேண்டிய ஆடம்பரங்கள் அல்ல, அப்போராட்டத்தின் கூறுகள்.

இப்பணிக்கான ஆவணங்கள் அழிந்துவருகின்றன. சிறுநகர்ப் படப்பிடிப்புக் கூடங்களின் எதிர்ப்படச் சுருள்கள், விண்ணப்பப் படங்களின் எஞ்சிய பிரதிகள், 1981 இல் எரியாது தப்பிய குடும்பப் படங்கள் ஆகியவற்றை ஓப்பநாயக்க, பலாங்கொடை, இரத்தினபுரிப் பகுதிகளிலிருந்து திரட்டி, படத்திலுள்ளோரின் பெயர்களை அவர்தம் குடும்பத்தாரின் இசைவோடு பதிவு செய்வது நமது பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் சங்கங்களும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பெயரின்றி நிற்கும் முகங்களுக்கு வரலாற்றிற் பெயர் எழுதத் தொடங்கும்போதுதான், மலையகத்தின் அழகு பற்றி நாம் பேசுவது முழுமை பெறும்.